மலைக்கு ரயில் கேட்டவர்கள்

வாருங்கள் கண்ணுகளா, இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்கள். கம்பளியைக் காலுக்கும் சேர்த்து இழுத்துவிடுங்கள். இந்த மலைக் குளிர் பாதத்தில்தான் முதலில் பிடிக்கும். ஒரு கதை சொல்கிறேன். ராஜா கதை இல்லை, பேய்க் கதையும் இல்லை. பேய்க்காவது பகலில் வர வெட்கம் உண்டு. இது மூன்று பெரிய மனிதர்களின் கதை. அவர்களைப் பெரிய மனிதர்கள் என்று ஒருநாளும் மதிக்காத ஒரு பிள்ளைத்தாச்சியின் கதை. கடைசிவரை கேட்டீர்களென்றால், நாளைக்குச் சமைக்கும்போது உப்பு ஜாடியை ஒரு நிமிஷம் நின்று பார்ப்பீர்கள்.

மலாய் நாட்டுக்குச் சப்பான்காரன் வந்து இரண்டாம் வருஷம். ரிங்லெட் என்ற மலையூருக்கு மேலே, மூன்றாம் மைல்கல்லை ஒட்டி ஒரு தேயிலைத் தோட்டம். மூணாங்கட்டைத் தோட்டம் என்பார்கள். அதன் வெள்ளைக்காரத் துரை ஓடிப்போனபோது தன் இரண்டு நாய்களையும் மறக்காமல் காரில் ஏற்றிக்கொண்டு போனான். வரிசை வீட்டு லயத்தில் இருந்த நானூறு பேர்தான் அவன் ஞாபகத்தில் தங்கவில்லை.

பாதித் தேயிலையைப் பிடுங்கிவிட்டு மரவள்ளியும் சக்கரவள்ளியும் நட்டார்கள். மீதியில் கொழுந்து எடுத்தார்கள். விடிந்தால் மரவள்ளி, இருண்டால் மரவள்ளி. உப்புக் கிடையாது. பிலாச்சான் என்ற இறால் விழுது மடித்து வந்த இலையை வைத்திருந்து, கழுவி, அந்தத் தண்ணீரைக் கஞ்சியில் ஊற்றுவார்கள். மூன்றாம் தடவை கழுவும்போது இலைக்கே வாசம் இருக்காது. ஆனாலும் கழுவுவார்கள். நாக்கு அப்படி அலைந்தது.

அந்த லயத்தில்தான் அம்மாக்கண்ணு இருந்தாள். கொழுந்து எடுப்பவள். வயிற்றில் ஏழு மாதம். இது இரண்டாவது. முதல் பிள்ளை, வலி கண்டு மலையடிவாரத்துத் தாப்பா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியில், லாரியில், பத்தொன்பதாம் கட்டை வளைவில் பிறந்து அங்கேயே மூச்சை விட்டது. அன்றிலிருந்து அவளுக்கு இந்த மலையில் ஒரே ஒரு ஆசைதான்: இந்தப் பிள்ளையை ரோட்டில் பெறக்கூடாது. அவள் புருஷன் நாகப்பன் கவ்வாத்துக்காரன். நாள் முழுக்கக் கத்தியால் தேயிலைச் செடியை மட்டம் வெட்டுபவன். பேச்சையும் அப்படியே வெட்டிவிடுவான்.

இதற்கிடையில் ரிங்லெட் வளர்ந்துகொண்டே போனது. கீழே ஈப்போவிலும் பீடோரிலும் அரிசி கிடைக்காதவர்கள், கிழங்காவது நடலாம் என்று மலையேறி வந்தார்கள். ஒரு வரிசைக் கடை மூன்று வரிசையானது. ஆற்றோரமெல்லாம் அத்தாப்பு ஓலைக் குடிசை. விற்கத்தான் கடையில் ஒன்றும் இல்லை. ஆனாலும் "டவுன் பெருசாகுதுலா" என்று சொல்லிக்கொள்வதில் சிலருக்கு வயிறு நிறைந்தது.

பாசாருக்கு, அந்தக் கடைத்தெருவுக்கு, பொறுப்பாக ஒரு சப்பான் அதிகாரி இருந்தான். வட்டக் கண்ணாடி போட்டிருப்பான். கண்ணாடித் துரை என்று பேர். பட்டாளத்து ஆபீசர்கள் குளிருக்கு வந்து ஓய்வெடுக்க ஊரைப் பெரிதாக்கப் போவதாகவும், என்னென்ன சேர்க்க வேண்டும் என்று ஊர்க்காரர்கள் எழுதிக் கொடுக்கலாம் என்றும் ஒருநாள் சொல்லி அனுப்பினான். கேட்பவன் கேட்டுவிட்டுப் போய்விட்டான். நம் ஆட்களுக்குத்தான் தலைகால் புரியவில்லை.

உடனே ஒரு கமிட்டி. தோட்டத்துக் கணக்கை எழுதும் கிராணி அம்புரோஸ் தலைவர். கங்காணி பழனியப்பன் ஒருவர். பாசாரில் துணிக்கடை வைத்திருந்த மாடசாமி ஒருவர். துணிக்கடை என்று பலகை இருந்தது. உள்ளே ஒரு முழம் துணி கிடையாது. ஊரே கோணிச்சாக்கைக் கட்டிக்கொண்டு திரிந்த காலம். அவர் மட்டும் பலகையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஆலையில் கொழுந்து வாட்டும் மாடியில் கூட்டம். வெளியே மழை பிசுபிசுவென்று இறங்கியது. காலியாகக் கிடந்த தட்டிகளுக்கு நடுவே ஒரு நீண்ட மேசை; மேசைக்குப் பின்னால் மூன்று பெரிய மனிதர்கள். அம்புரோஸ் பேனாவைத் திறந்து, நுனியைப் பார்த்து, மூடி, மறுபடி திறந்தார்.

"ம், சொல்லுங்க. நம்ம டவுனுக்கு என்னா என்னா வேணும்? வெக்கப்படாதீங்க."

"உப்பு வேணுங்கய்யா" என்றாள் தங்கம்மா. அம்மாக்கண்ணுவின் அடுத்த வீட்டுக்காரி. சொல்லிவிட்டுத் தன் புருஷன் கந்தசாமியைப் பார்த்துக்கொண்டாள்.

"தீப்பெட்டி" என்றது ஒரு குரல்.

"சேலை துணி குடுக்கச் சொல்லுங்கய்யா. சாக்கு அரிக்குது. குனிஞ்சு கொழுந்து எடுக்க முடியல."

"தண்ணிக்கு பைப்பு வேணும். மேல புதுசா வந்தவங்க ஆத்துல வெளிக்கிருக்குறாங்க. கீழ நாங்க அதத்தான் மொண்டு குடிக்கிறோம்."

அம்மாக்கண்ணு வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "ஒரு ரூம்பு போதுங்கய்யா. நாலு செவரு, ஒரு கதவு, சுடுதண்ணி வைக்க ஒரு அடுப்பு. புள்ள பெக்குறதுக்கு. லயத்துல ஒரே ரூம்புல ஒம்போது பேரு படுக்குறோம். ரூம்பு மட்டும் குடுத்தீங்கன்னா போதும், லூர்தம்மா அக்கா பாத்துக்கும்."

லூர்தம்மாள் கொழுந்துக்காரிதான். ஆனால் கைராசிக்காரி. அவள் தொட்டு எடுத்த பிள்ளைகள் தோட்டத்தில் முப்பது ஓடின. "ஆமா, நான் பாத்துக்குறேன்" என்றாள்.

அம்புரோஸ் சிரித்தார். நல்ல சாப்பாடு சாப்பிட்டவன் சிரிக்கும் சிரிப்பு. "டவுன் கேக்கச் சொன்னா புள்ள பெக்க ரூம்பு கேக்குது பாரு. மாடு கொட்டகை கேக்குற மாதிரி."

"மாட்டுக்காச்சும் கொட்டகை இருந்திச்சுய்யா வெள்ளக்காரன் காலத்துல" என்றாள் அம்மாக்கண்ணு.

கங்காணி மேசையைத் தட்டினார். "பேச்சக் கொற. நம்ம டவுனுக்கு ஒரு மணிக்கூண்டு வேணும். நாலு பக்கமும் மணி தெரியணும். கீழ கல்லுல கமிட்டி பேரு போடணும்."

"மணி தெரிஞ்சி என்னா செய்ய கங்காணியாரே?" என்றாள் லூர்தம்மாள். "சப்பான்காரன் மணிய அவன் ஊரு மணிக்கு மாத்திப்புட்டான். கும்மிருட்டுல பெரட்டுல பேரு குடுக்க நிக்கிறோம். அத நாலு பக்கமும் வேற பாக்கணுமா?"

"எனக்கு ஒரு சினிமா கொட்டாய் இருந்தா நல்லதுன்னு தோணுது" என்று மாடசாமி மெதுவாக ஆரம்பித்தார்.

"சாக்கு கட்டிக்கிட்டுப் படம் பாக்கவா மொதலாளி?" கூட்டம் சிரித்தது. அவர் மேசையைத் துடைக்க ஆரம்பித்தார்.

அம்புரோஸ் எழுந்தார். இத்தனை நேரமும் இதற்காகத்தான் காத்திருந்தார். "உப்பு, தீப்பெட்டி, பைப்பு... இதெல்லாம் லயத்துக்காரன் புத்தி. நான் ஈப்போ ரயில் டேசனப் பாத்தவன். டவுனுன்னா அது. தாப்பாரோட்டுலேருந்து ரிங்லெட்டுக்கு ரயில் கேப்போம். ரயில் வந்தா உப்பும் ஏறி வரும், துணியும் ஏறி வரும், டாக்டரும் ஏறி வருவான். ஒரே கோரிக்க. எல்லாரும் கைநாட்டு. என்னா சொல்றீங்க?"

இந்த மலையில் லாரியே மூன்று இடத்தில் நின்று ஆவி விட்டுத் தண்ணீர் குடித்துத்தான் ஏறும். அது எல்லோருக்கும் தெரியும். ஆனால் ரயில் என்ற சொல்லை ஒரு கிராணி சொல்லும்போது அதில் ஒரு வெளிச்சம் இருக்கிறது. அவருக்கு ஸ்டேசன் மாஸ்டராகிற ஆசை என்பதை அவர் மனைவி கத்தரீன் ஏற்கெனவே ஆற்றுத் துறையில் சொல்லிவிட்டாள். அதையும் எல்லோரும் அறிவார்கள். இருந்தும் கைகள் எழுந்தன.

உப்பு, தீப்பெட்டி, துணி, பைப்பு, ரூம்பு என்று எழுதியிருந்ததை அம்புரோஸ் ஒரே கோடாக இழுத்து அடித்தார்.

கைநாட்டுக்கு மை? தேயிலைப் பெட்டியில் தோட்டத்து முத்திரை போடும் கறுப்பு மை இருந்தது. மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தாலொழிய பத்து நாளைக்குப் போகாது. மண்ணெண்ணெய்க்கு எங்கே போவது?

"பேரு எழுதலையா ஐயா?" என்று கந்தசாமி கேட்டான், விரலை மையில் வைத்துக்கொண்டே.

"ஒன் பேர எழுதி என் பேனா தேயணுமா? கூலிக்குப் பேரு எதுக்குடா, பெருவிரல் போதும்." மேலே மூன்று பெரிய மனிதர்களின் பெயர்கள் மட்டும் முழுசாக, வளைவு நெளிவுகளோடு, பேனாவில். கீழே நாற்பத்தேழு கறுப்புப் பொட்டுகள். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள் கண்ணுகளா.

நாகப்பன் தயங்கி நின்றான். அம்புரோஸ் அவனைப் பார்த்து, "ஏண்டா, ரயில் இருந்திருந்தா ஒன் மொதப் புள்ள ரோட்டுல செத்திருக்குமா?" என்றார். அந்த இடத்தில் தொட்டால் எந்த மனிதன் நிற்பான்? விரலை வைத்துவிட்டான்.

சாயங்காலம் அம்மாக்கண்ணு மரவள்ளியை உரித்துக்கொண்டே அந்த விரலைப் பார்த்தாள்.

"நீங்களுமா போட்டீங்க?"

அவன் தலையசைத்தான்.

"அந்த ரயிலு மலையேறி வர்றதுக்குள்ள என் புள்ளைக்கு மீச மொளச்சிரும். நான் கேட்ட ரூம்ப அடிச்சிட்டு எழுதுன தாளுல, என் புருசன் வெரலு. நல்லாருக்கு."

"தாப்பாவுக்குச் சீக்கிரம் போலாம்னு..."

"போதும், பேசாதீங்க. கிழங்கு கருகுது."

நாலாம் நாள் அம்புரோஸ் தாளை எடுத்துக்கொண்டு கண்ணாடித் துரையைப் பார்க்கப் போனார். அந்த வாரம்தான் துரைக்குக் கீழேயிருந்து ஒரு உத்தரவு வந்திருந்தது: சயாம் தேசத்தில் போடும் ரயில் பாதைக்கு ஆள் அனுப்பு. தாப்பா பக்கத்து ரப்பர்த் தோட்டங்களிலிருந்து லாரி லாரியாக ஆட்களை ஏற்றிப் போன சேதி மலைக்கும் வந்திருந்தது. மூன்று மாதத்தில் திரும்பிவிடுவார்கள் என்றார்கள். ஒருவரும் திரும்பியதாகச் சேதி இல்லை. காய்கறி போடுகிற மலைக்கு அந்த லாரி வராது என்று நம் ஆட்கள் நிம்மதியாக இருந்தார்கள்.

துரை தாளைப் படிக்கச் சொல்லிக் கேட்டான். "கெரேத்தா அப்பி?" என்று மலாயில் கேட்டான். ஆமாம் துவான், ரயில்தான் என்றார் அம்புரோஸ். துரை கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, "பாகுஸ், பாகுஸ்" என்றான். ரொம்ப நல்லது என்று அர்த்தம். கிராணிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

திரும்பி வந்ததும் லயத்து வாசலில் நின்று கத்தினார்: "தொர ரொம்ப சந்தோசப்பட்டாரு! நாளைக்குப் பெரட்டுல, கைநாட்டு போட்டவங்களுக்கு ஆளுக்கு ஒரு பொட்டலம் உப்பு! வெரலக் காட்டுனா போதும்!"

உப்பு! அந்தச் சொல்லில் லயமே எழுந்து நின்றது. கூட்டத்துக்கு வராதவர்கள் ஆலைக்கு ஓடி, மை டப்பாவுக்குக் கெஞ்சினார்கள். பேனாவில் கையெழுத்துப் போட்ட கங்காணி பழனியப்பன்கூட, அதுவும் ஒரு பொட்டலம்தானே என்று, கதவுக்குப் பின்னால் நின்று பெருவிரலைத் தோய்த்துக்கொண்டார். பார்த்தவர்கள் சொன்னார்கள்.

நாகப்பன் வீட்டுக்குள் வந்து விரலைப் பார்த்தபடி நின்றான். "ஒனக்கு நாக்கு செத்துக் கெடக்கு. வாங்கியாறேன்."

"வேணாம்."

"புள்ளத்தாச்சி... ஒரு மாசமாச்சு உப்புப் பாத்து."

"வேணாங்குறேன்ல." அவள் கையிலிருந்த பிலாச்சான் இலையைச் சட்டியில் அறைந்தாள். "என் ரூம்ப அடிச்ச தாளுக்குக் கெடைக்கிற உப்பு. வாயில வச்சா காறித் துப்புவேன். அவன் உப்பத் தின்னுட்டு நாளைக்கு அந்தக் கிராணியப் பாத்து நான் பல்லக் காட்டணுமா? எம் புருசன் உப்புக்கு வெரலத் தூக்கிக்கிட்டு நிக்கிறத நான் பாக்கணுமா? நீங்க மேமலைக்குக் கவ்வாத்துக்குப் போங்க. பெரட்டுக்கு வராதீங்க."

தங்கம்மா வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "ஒனக்கு ரொம்பத்தான் திமிருடி அம்மாக்கண்ணு. எங்க ஆளு போவாரு. நான் ஒனக்கும் ஒரு கிள்ளு தாரேன்."

"ஒன் உப்பு ஒன்னோட இருக்கட்டும்."

மறுநாள் பனி விலகவில்லை. பெரட்டுத் திடலில் இரண்டு லாரிகள் நின்றன. உப்புக்கு இரண்டு லாரியா என்று ஒருவன் வியந்தான். பெருவிரலைத் தூக்கிக்கொண்டு முப்பத்தொரு பேர் வரிசையில் நின்றார்கள். உண்மையிலேயே உப்புக் கொடுத்தார்கள். வாழை இலையில் மடித்த சின்னப் பொட்டலம், ஆளுக்கு ஒன்று. வாங்கினவர்கள் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு.

பிறகு கண்ணாடித் துரை பேசினான். கூட வந்தவன் தமிழில் சொன்னான்: "நீங்க ரயில் கேட்டீங்க. தொரைக்கு ரொம்ப சந்தோசம். சயாமுல ரயில் போடுறோம். மொதல்ல அங்க போயிப் போட்டுப் பழகுங்க. அப்புறம் இங்க போடலாம்."

வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பட்டாளத்துக்காரர்கள் துப்பாக்கியோடு சுற்றி நின்றிருந்ததை அப்போதுதான் கண்டார்கள்.

"தொர, நான் கிராணி... எழுதுறவன்..." என்றார் அம்புரோஸ்.

துரை தாளின் மேலே இருந்த மூன்று பெயர்களையும் விரலால் தட்டினான். தலைவர்கள் முதல் லாரியில். பிறகு கீழே இருந்த பொட்டுகளை எண்ணி, வந்தவர்களை எண்ணி, மீதிப் பேர் யார் என்று கேட்டான்.

"பேரு... பேரு எழுதலைங்க துவான்."

கன்னத்தில் விழுந்த அறை மேமலைவரை கேட்டது என்பார்கள். மலையில் பேச்சு அப்படித்தான் வளரும். ஆனால் இரண்டு பட்டாளத்துக்காரர்கள் மேமலைக்கு ஏறியது நிஜம். அங்கே ஆறு கவ்வாத்துக்காரர்கள் கையை நீட்டி நின்றார்கள். பாசியும் மண்ணும் வெட்டுக்கொம்பின் கறையும் ஊறி, பன்னிரண்டு கையும் அறுபது விரலும் கறுப்பு. எது மைக் கறுப்பு, எது செடிக் கறுப்பென்று வந்தவர்களுக்குத் தெரியவில்லை. நாகப்பன் கையைக் கொஞ்ச நேரம் பிடித்துப் பார்த்தவன், முகம் சுளித்து, தன் கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு இறங்கிப் போனான்.

லாரிகள் நகர்ந்தன. பெண்கள் ஓடினார்கள். அப்போதுதான் லாரிக்குள்ளிருந்து உப்புப் பொட்டலங்கள் பறந்து வந்தன. ஒவ்வொருவனும் தன் பெண்சாதியின் பேரைச் சொல்லிச் சொல்லி எறிந்தான். "தங்கம்மா, புடி! தங்கம்மா!" இலை கிழிந்து, நனைந்த ரோட்டில் உப்புச் சிதறியது. பெண்கள் அழுதுகொண்டே மண்ணோடு மண்ணாக அதை அள்ளி மடியில் போட்டார்கள். எறியாத ஒரே ஆள் கங்காணி பழனியப்பன். பொட்டலத்தை இடுப்பில் செருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

போனவர்களில் ஒன்பது பேர் திரும்பினார்கள். கந்தசாமி வரவில்லை. மாடசாமி வரவில்லை. அம்புரோஸ், தண்டவாளத்துக்குக் கல் சுமந்து, பேதி கண்டு மூன்றாம் மாதம் போய்விட்டார் என்று வந்தவர்கள் சொன்னார்கள். செத்தவனைத் திட்டக்கூடாது என்பார்கள். நான் திட்டவில்லை, நடந்ததைச் சொல்கிறேன். கங்காணி மட்டும் எலும்பும் தோலுமாக வந்து சேர்ந்தார். உடம்பு தேறியதும் முதல் வேலையாக மணிக்கூண்டுக்கு ஒரு கமிட்டி ஆரம்பித்தார். சில பேருக்குச் சயாம்கூடப் போதாது.

நான் அம்மாக்கண்ணுவிடம் வருகிறேன்.

லாரி போய் இரண்டு மாதம் கழித்து, ஒரு மழை நாள் காலையில் கொழுந்துக் கூடையோடு நிற்கும்போதே அவளுக்கு வலி கண்டது. லூர்தம்மாள் யாரையும் கேட்கவில்லை. "தூக்குங்கடி ஆலைக்கு" என்றாள். கொழுந்து வாட்டும் மாடியில் கமிட்டி உட்கார்ந்த அந்த நீண்ட மேசை அப்படியே கிடந்தது. தட்டிகளைக் கழற்றி மூன்று பக்கமும் மறைப்புக் கட்டினார்கள். கீழே அடுப்பில் வெந்நீர் இருந்தது. எந்தச் சாக்கில் நல்ல பக்கம் இருந்ததோ அதைக் கிழித்து விரித்தார்கள். மேசைமேல் மைக்கறை ஒன்று காய்ந்து கிடந்தது. அம்மாக்கண்ணு அதைப் பார்த்து, அந்த வலியிலும், "இங்கேயா" என்றாள்.

"இங்கதான். கத்துடி, நல்லாக் கத்து" என்றாள் லூர்தம்மாள்.

பெண் பிள்ளை. உடனே அழுதது. ஜெயா என்று பேர் வைத்தார்கள்.

பிள்ளை பெற்றவளுக்குக் கஞ்சி காய்ச்சினார்கள். தங்கம்மா மாடியேறி வந்தாள். லாரி போனதிலிருந்து அவள் அம்மாக்கண்ணுவிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. அம்மாக்கண்ணுவும் அவள் முகத்தைப் பார்க்க முடியாமல்தான் இருந்தாள். தங்கம்மா இடுப்பு முடிச்சை அவிழ்த்து, மண் நிறத்தில் ஒரு கிள்ளு எடுத்தாள். ஏழு தடவை கரைத்து வடித்துக் காய்ச்சிய ரோட்டு உப்பு.

"துப்புவேன்னு சொன்னியே" என்றாள். "எங்க ஆளு எறிஞ்சது. துப்புறதுன்னா இப்பவே சொல்லிரு."

அம்மாக்கண்ணு நாக்கை நீட்டினாள். தங்கம்மா அதில் உப்பை வைத்தாள். அம்மாக்கண்ணு வாயை மூடிக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வழிய, அதைக் கரையும்வரை வைத்திருந்து விழுங்கினாள். மிச்சத்தைத் தங்கம்மா கஞ்சியில் போட்டுக் கலக்கி, அந்த மாடியில் இருந்த எல்லாப் பெண்களுக்கும் ஒரு மிடறு கொடுத்தாள்.

அதற்குப் பிறகு அந்த மூலையை யாரும் கலைக்கவில்லை. நாகப்பன் ஒரு கதவு செய்து மாட்டினான். பதினான்கு பிள்ளைகள் அங்கே பிறந்தார்கள். சண்டை முடிந்து வெள்ளைக்காரத் துரை நாய்களோடு திரும்பி வந்து, கொழுந்து வாட்ட இடம் போதவில்லை என்று கதவைப் பெயர்த்தான். அவனுக்கு வேறென்ன தெரியும்? இன்றைக்கு ரிங்லெட்டில் பெரிய பெரிய கடைகள் வந்துவிட்டன. இன்னும் என்ன சேர்க்கலாம் என்று இன்னமும் கூட்டம் போடுகிறார்கள். ரயில் மட்டும் வரவில்லை. தாள் எடுத்துக்கொண்டு எவனாவது வந்தால், முதலில் உன் பேரை எழுதச் சொல்லி, அடித்த கோடு ஏதாவது இருக்கிறதா என்று பார், கண்ணே.

நேரமாகிறது, எழுந்திருங்கள். உங்கள் வீட்டு ஜாடியில் உப்புக் குறையாமல் இருக்கட்டும். உங்கள் வீட்டுப் பிள்ளைகள் கதவுள்ள அறையில் பிறந்து, பேர் சொல்லிக் கூப்பிட ஆள் சூழ வளரட்டும். காலையில் வெளியே போன ஆண்கள் சாயங்காலம் உங்கள் வாசலில் வந்து காலைக் கழுவட்டும்.